அமெரிக்கத் துரை நட்ட கல்

லாபிஸிலிருந்து யோங் பெங் போகும் செம்மண் பாதையை ஒட்டி எங்கள் தோட்டம் இருந்தது. சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் இங்கிலீஷ்காரத் துரைகள். எங்களுக்கு மட்டும் அமெரிக்கத் துரை. கம்பெனியும் அமெரிக்கக் கம்பெனிதான். பால் வெட்டுவதிலும் கங்காணியிடம் வசவு வாங்குவதிலும் அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. பங்களா முன்னால் பறந்த கொடியில் கோடுகள் கூடுதலாக இருந்தன, அவ்வளவுதான்.

அந்தத் தோட்டத்தில் எனக்கு இரண்டு புருஷன்கள். முதல் புருஷனை அவர் என்றும் இரண்டாமவனை அவன் என்றும்தான் சொல்ல வருகிறது. மாற்றிச் சொல்ல நான் முயன்றதும் இல்லை.

அவரோடுதான் சேலத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தேன். இடது கையில் செப்புக் காப்பு போட்டிருப்பார். சின்ன வயதில் பிழைக்காது என்று கைவிட்ட பிள்ளையாம். பிழைத்ததும் கோயிலில் வேண்டிக்கொண்டு போட்ட காப்பு. வளர வளர அதை நெகிழ்த்திவிட்டார்களே தவிரக் கழற்றவில்லை. பெரிய யுத்தம் முடிகிற சமயத்தில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்ததே, அதில் போய்விட்டார். காலையில் தலைவலி என்று படுத்தவர், மறுநாள் என்னை யாரென்று கேட்டார். அதற்கு மறுநாள் இல்லை. எங்கள் லயத்து வரிசை அறைகளில் முதலில் விழுந்தவர்களில் ஒருவர் என்பதால் அவருக்குத் தனிக்குழி கிடைத்தது. பின்னால் செத்தவர்களை இரண்டு பேர், மூன்று பேராகப் போட்டு மூடினார்கள். எல்லோரையும் புதைத்தது லயத்துக்கு மேற்கே இருந்த மேட்டில். நான் ஓடையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து அவர் தலைமாட்டில் வைத்தேன்.

காய்ச்சல் ஓய்ந்ததும் கங்காணி லயம் லயமாக வந்து பார்த்தார். பாதி அறைகளில் ஒற்றை ஆள்தான், ஆணோ பெண்ணோ. புது ஆட்கள் கப்பலில் வருகிறார்கள், அறை வேண்டும் என்றார். எந்தப் பெண் எந்த அறைக்குப் போவது என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டார். மாட்டை வேறு கொட்டிலில் கட்டுவதற்குக்கூட ஒரு தரம் யோசிப்பார்கள். அன்று சாயங்காலமே பாயையும் பானையையும் எடுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனேன். அவன் எழுந்து இடம் விட்டான். மறுவாரம் மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டினான்.

அவன் கெட்டவன் என்று முதலில் தெரியவில்லை. அதிகம் பேசமாட்டான். மரத்தில் அவன் போடும் வெட்டு கோடு கிழித்தாற்போல இருக்கும். அவனுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, நான் அமாவாசைக்கு மேட்டுக்குப் போய் விளக்கு வைப்பது. போகாதே என்று சொல்லமாட்டான். நான் திரும்பி வரும்போது சோற்றுப் பானை வாசலில் கவிழ்ந்து கிடக்கும். நான் மண்ணோடு அள்ளிப்போட்டுவிட்டுப் பட்டினியாகப் படுப்பேன். அடுத்த அமாவாசைக்கும் போவேன். எங்கள் குடும்பம் இப்படி ஐந்தாறு வருஷம் நடந்தது.

அப்போதுதான் துரைக்கு அந்த யோசனை வந்தது. அவர் பிறந்த ஊரில் நாற்சந்திக்கு நாற்சந்தி கல் நட்டு எழுதி வைத்திருப்பார்களாம். இங்கே சண்டை நடந்தது, இந்த மரத்தடியில் தளபதி குதிரையைக் கட்டினார், இன்னார் இங்கே குண்டு பட்டு விழுந்தார் என்று. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் ஒருவர் இங்கிலீஷ் ராஜாவை எதிர்த்த சண்டையில் செத்தவராம். அவருக்கும் ஊர் எல்லையில் கல் இருக்கிறதாம். இந்த ஜொகூர் காட்டில் எங்கே திரும்பினாலும் மரம்தான் இருக்கிறது, எழுத்துள்ள ஒரு கல்லைக் காணோம், இங்கே எதுவுமே நடந்ததில்லை போலிருக்கிறது என்று துரை, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். துரை சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதைத் துரைக்கும் சொல்ல அவர் ஒருவர்தான்.

ஒருநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் கிராணி சொன்னார்: மேற்கு மேட்டைச் சமப்படுத்தப் போகிறோம். அங்கே துரையின் தேசத்துக்காக ஒரு ஞாபகக் கல் வரும். கல் சிங்கப்பூர்ப் பக்கத்துத் தீவிலிருந்தும், எழுத்து வார்த்த வெண்கலத் தகடு அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. மேட்டைத்தான் ஏன் தேர்ந்தெடுத்தார் என்றால், பங்களா வராந்தாவில் உட்கார்ந்தால் நேரே தெரிகிற இடம் அதுதான்.

மேட்டில் ஆள் புதைத்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து பங்களாவுக்குப் போனோம். துரை உள்ளே கூப்பிடவில்லை, விரட்டவும் இல்லை. படியில் நின்று கிராணி சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்ட ஏதாவது அடையாளம் இருக்கிறதா, பெயர் எழுதியிருக்கிறதா என்று விசாரித்தார். ஓடைக்கல்லைச் சொன்னேன். கிராணி அதையும் சொன்னாரோ என்னவோ. துரை தலையை ஆட்டிவிட்டு நீளமாக ஏதோ பேசினார். கிராணி அதைச் சுருக்கிச் சொன்னார்.

"பெயரில்லாத இடத்திலை குழி எண்டு ஒண்டும் இல்லையாம். தன்ரை ஊரிலை ஒவ்வொரு குழிக்கும் கல்லும் பெயரும் இருக்குமாம். எலும்பு வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு போய்ச் சதுப்புக்குப் பக்கத்திலை புதைக்கச் சொல்லுறார்."

பெரிய உபகாரம் செய்தவர்போலத் துரை சிரித்தார். நாங்களும் கும்பிட்டுவிட்டு வந்தோம். வேறு என்ன செய்ய?

அன்று ராத்திரி அவன், "தோண்டுற வேலைக்கு நானும் பேர் குடுத்திருக்கேன். ஒன் ஆளை நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை. குழி எங்கே, தலை எந்தப் பக்கம், கையில் காப்பு இருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சதுப்போரம் தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து வை என்றேன். சரி என்றான்.

தோண்டிய அன்று என்னைத் தூரத்து மலைக்காட்டுக்குப் பால் வெட்ட அனுப்பிவிட்டார்கள். மேட்டில் ஆள் புதைத்த பெண்கள் எல்லோரையும் அங்கேதான் அனுப்பினார்கள். கூப்பாடு போடுவோம் என்று கங்காணிக்குப் பயம். சாயங்காலம் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து எதையோ வீசினான். அது அடுப்புக் கல்லில் பட்டு உருண்டு சாம்பலில் விழுந்தது. பச்சை பூத்திருந்தது. காப்பு.

"எலும்பு எங்க?" என்று கேட்டேன்.

"கல்லு நிக்கப்போற எடத்துக்கு அடியில. துரை கட்டுற கட்டடத்துக்கு ஒன் பழைய புருசன்தான் அஸ்திவாரம். மேல சிமெண்டு ஊத்தியாச்சு. இனி யார் வந்தும் எடுக்க முடியாது."

நான் அழவில்லை. அழுதால் அவனுக்குச் சாப்பாடு இறங்கும் என்று தெரியும். சோறு வடித்துப் போட்டேன். மறுநாள் காப்பைத் தேடினேன், இல்லை. கள்ளுக்கடையில் கொடுத்துக் குடித்துவிட்டான் என்று பக்கத்து அறைக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கல் வந்தது. லாபிஸ் ரயிலடியில் இறக்கி, மாட்டுவண்டி தாங்காமல், உருட்டுக்கட்டை போட்டு ஆட்களே இழுத்து வந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். ஜூலை மாதம் நாலாம் தேதி அவர்களுக்குப் பெரிய நாளாம், அன்றைக்குத் திறந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து இங்கிலீஷ் துரைகள் எல்லோரும் மோட்டாரில் வந்து குடித்தார்கள். தோற்றது அவர்களுடைய ராஜாதானாம். அதைச் சொல்லிச் சொல்லி அவர்களே சிரித்தார்கள். எங்களுக்கு ஆடு வெட்டிச் சோறு போட்டார்கள். தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, யாருக்கும் அடிமையாக இருக்கமாட்டோம் என்று உயிரைக் கொடுத்தவர்களின் ஞாபகமாக என்று எழுதியிருப்பதாகக் கிராணி சொன்னார். கங்காணி பின்னால் வந்து, தின்றது போதும், இலையை எடு என்று அதட்டினார். மேட்டில் ஆள் புதைத்தவர்களும் அந்த ஆட்டுக்கறியைத் தின்றார்கள். நானும்தான் தின்றேன். கறி கண்டு பல மாதம் ஆகியிருந்தது.

அடுத்த அமாவாசைக்குக் கல்லடியில் விளக்கு வைத்தேன். அவர் கீழே இருக்கிறார். மேலே எந்தத் தேசத்துக் கல் இருந்தால் எனக்கென்ன என்று நினைத்தேன். மூன்றாவது அமாவாசையோ நாலாவதோ, துரை குதிரையில் அந்த வழியாக வந்துவிட்டார். அவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். விளக்கு அணைகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஏன் விளக்கு வைத்தாய் என்று கிராணி கேட்டார். உள்ளதைச் சொன்னேன். என் முதல் புருஷன் அதுக்கு அடியில இருக்காரு என்றேன். கிராணி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ வாயை மூடு. நான் சொல்லிக்கொள்ளுறன்" என்றார்.

அவர் துரையிடம் என்ன சொன்னார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. துரையின் தேசத்து வீரர்களைத் தெய்வமாக நினைத்து இந்தக் கூலிப்பெண் கும்பிடுகிறாள் என்று சொல்லியிருக்கிறார். துரைக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை மேசைக்கு முன்னால் நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றும் புடவை ஒன்றும் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். வருஷா வருஷம் ஜூலை நாலாம் தேதி விருந்தாளிகள் முன்னால் நான்தான் விளக்கேற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

புடவை வெள்ளை. கரைகூட இல்லாத வெள்ளை. அவருக்கு அதுதான் அழகாகத் தெரிந்ததாம்.

கட்டின புருஷன் லயத்தில் உயிரோடு இருக்க, வெள்ளைப் புடவை கட்டி நான் அத்தனை பேர் முன்னால் நடந்து போனேன். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிற கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவனை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள், விளக்கேற்றுகிறவளின் புருஷன் என்று. துரை அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் விளக்கேற்றினேன், விழுந்து கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று அவனுக்கும் எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அவன் அடிக்க ஆரம்பித்தான். முகத்தில் அடிக்கமாட்டான், துரை பார்த்தால் கேட்பார். முதுகிலும் தொடையிலும் அடிப்பான். விளக்கு வைக்காதே என்று சொல்லவும் முடியாது, துரை உத்தரவு. அமாவாசையன்று விளக்கு வைத்துவிட்டு வருவேன், கதவைச் சாத்துவான். பக்கத்து அறைகளில் பேச்சு நின்றுவிடும். முடிந்ததும் மறுபடி தொடங்கும். நான் ஒரு அமாவாசையையும் விடவில்லை. விட்டிருந்தால் அடி நின்றிருக்கும். அவனுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க மனசில்லை.

நான் விளக்கேற்ற வேண்டிய இரண்டாவது ஜூலை நெருங்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரே கள்ளுக்கடையில் இருந்த நேரத்தில், அவன் கோடாலியை எடுத்துக்கொண்டு போனான். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எங்கே என்று கேட்கவில்லை. மேட்டுப் பக்கத்திலிருந்து தகரத்தை அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து கோடாலியைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கினான்.

திங்கட்கிழமை பெரட்டில் துரை வந்து நின்றார். தகடு மடங்கி, எழுத்தெல்லாம் நசுங்கிப் பாதி கழன்று தொங்கியது. யார் செய்தது என்று கேட்டார். ஆள் தெரிகிற வரைக்கும் அரிசி ஸ்டோர் திறக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மாசக் கடைசி. எல்லார் பானையும் அடி தெரிந்துகொண்டிருந்த சமயம். முதல்நாள் ஆண்கள் வீம்பு பேசினார்கள். அடுத்த நாள் பெண்கள் மரவள்ளிக் கிழங்கு தேடிக் காட்டுக்குள் போனார்கள். அதற்கடுத்த நாள் பிள்ளைகள் அழ ஆரம்பித்ததும், பக்கத்து அறைக்காரி என் வாசலில் வந்து நின்றாள். எல்லாருக்கும் தெரியும் என்றாள்.

"நீயே சொல்லிடு. நாங்க சொன்னா ஒன்னையும் சேத்துச் சொல்லுவோம்."

அவள் மிரட்டியதால் சொன்னேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவள் வருவதற்கு முன்பே ஆபீசுக்குப் போகத் தலை முடிந்துகொண்டிருந்தேன். துரைக்கு எதிரில் நின்று, கிராணியைப் பார்த்து, "எம் புருசன்தான். கோடாலி வீட்டுல இருக்கு" என்றேன். இந்த முறை கிராணி நான் சொன்னதை அப்படியே சொன்னார்.

கல்லுக்கு முன்னால் வைத்து அடித்தார்கள். வேலை மேய்க்கிற மண்டோர்கள் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, துரையே பிரம்பை எடுத்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, தோட்டம் முழுவதையும் சுற்றி நிற்கச் சொன்னார்கள். வெயில் கடுமையாக இருந்தது. நடுவில் துரை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கிராணியிடம் கொடுத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். அவன் கத்தவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் ஒளியவில்லை. முன்னாலேயே நின்றேன். அவன் கண்ணில் படும்படி நின்றேன். என் முதுகில் இருந்த தழும்புகளை அவன் முதுகில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துரைக்குத்தான் கை வலித்தது.

அன்றே அவனைத் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். உப்புத் தண்ணீர் வைத்து முதுகைத் துடைத்துவிட்டேன். புண்ணோடு அனுப்பினால் ஊர் என்னைத்தான் பேசும். லாபிஸ் பக்கம் நடந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அவன் செத்தானா இருக்கிறானா என்று எனக்குத் தகவல் இல்லை.

ஒற்றைப் பெண்ணுக்கு அறை கிடையாது என்று கங்காணி ஆரம்பித்தார். விளக்கேற்றுகிறவள் இருக்கட்டும் என்று துரை சொல்லிவிட்டார். ஒரு அறையில் ஒருத்தியாக இருந்தேன். தகட்டை நிமிர்த்தி மறுபடி பதித்தார்கள். ஜூலைக்கு ஜூலை வெள்ளைப் புடவை, மாசத்துக்கு ஒருதரம் அமாவாசை. நிம்மதியாகத் தூங்கினேன். என் ஆயுசில் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பால் வெட்டுவதை நிறுத்தினார்கள். கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்கக் கம்பெனி தோட்டத்தை இங்கிலீஷ் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. துரை போகிற அன்று கல்லைப் போட்டோ பிடிக்க வந்தார். நான் கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். கல் மட்டும் போதும், தள்ளி நில் என்று கையைக் காட்டினார்.

புதிய துரை வந்து தகட்டைப் படித்தார். கிராணியிடம் ஏதோ கேட்டுவிட்டு உரக்கச் சிரித்தார். தன் ராஜா தோற்றதைத் தன் தோட்டத்திலேயே எழுதி வைப்பதா என்று கேட்டாராம். ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் படி வைக்கப் பெரிய கல் வேண்டியிருந்தது. பிடுங்கச் சொன்னார்.

எஞ்சியிருந்த ஆட்களில் நானும் ஒருத்தி. எனக்கு மண் சுமக்கிற வேலை. கல்லைச் சாய்த்து, அடியிலிருந்த சிமெண்டைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். நான் கூடையை வைத்துவிட்டுக் குழி ஓரத்திலேயே நின்றேன். ஒரு புதுப் பானையும் துணியும் கொண்டுவந்து மரத்தடியில் வைத்திருந்தேன். சிமெண்டு வந்தது, ஜல்லி வந்தது, அதற்குக் கீழே கன்னி மண் வந்தது. மண்வெட்டி படாத மஞ்சள் மண். இன்னும் தோண்டுங்க என்றேன்.

குழிக்குள் நின்றவன் அன்றைக்கு மேட்டைத் தோண்டிய கும்பலில் ஒருவன். கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்து பார்த்தான்.

"எலும்பையா தேடுற? அதெல்லாம் மண்ணோட மண்ணா அள்ளி அன்னைக்கே சதுப்புல கொட்டிட்டமே. யாருது எதுன்னு யாரு பாத்தா? ஒன் ரெண்டாவது புருசன்தான் அந்தக் காப்பை மட்டும் கழட்டி மடியில வச்சிக்கிட்டான். கல்லுக்கடியில வச்சேன்னா சொன்னான்?"

மேலே நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பக்கத்து அறைக்காரிதான் பதில் சொன்னாள்.

"எல்லாருக்கும் தெரியும். நீ வெளக்கு வச்சிட்டு அடி வாங்கறப்ப, சொல்லிடலாமான்னு ஒரு தடவ பேசிக்கிட்டோம். அப்புறம் சிரிச்சிட்டு விட்டுட்டோம்."

மண்டோர் கூடை எங்கே என்று கத்தினார். எடுத்துச் சுமந்தேன். அன்றைய வேலை முடிகிற வரைக்கும் சுமந்தேன். சதுப்புப் பக்கம் போகவில்லை. அங்கே தோட்டத்துக் கழிவெல்லாம் கொட்டி, அதன்மேல் கோரை ஆள் உயரம் வளர்ந்திருந்தது. எந்த இடத்தைப் பார்த்து அழுவது?

அந்த மாசக் கடைசியில் தோட்டத்தை விட்டு வந்தேன். கூட வருகிறாயா என்று யாரையும் கேட்கவில்லை, போகாதே என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆயர் ஈத்தாம் முச்சந்தியில் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அடுப்படிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். எழுத்துப் படித்ததும், இதையெல்லாம் எழுத முடிந்ததும் அந்தக் கடைக்குப் போன பிறகுதான். அன்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ கைம்பெண்ணா, இல்ல ஒம் மாப்புள இருக்காகளா?" என்று கேட்டார்.

"அது எனக்கே தெரியாதுங்க. சோறாக்கத் தெரியும்" என்றேன்.

பின்கட்டில் அரிசி ஊறிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, உள்ளே போகச் சொன்னார்.